நீலச் சட்டை, வெள்ளைக் குல்லா

எழுதுவதற்கு எனக்குத் தகுதி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு எழுதித்தான் பிழைத்தேன் என்பது வாஸ்தவம். ஆனால் அவ்வளவும் இன்னொருவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதியது. சொந்தமாக ஒரு பக்கம் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் நடுவில் பேசவும் வராது. இப்படிப்பட்டவன் ஒரு கட்டுரைக்குத் துணிந்துவிட்டானே என்று படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

காரணம் இதுதான். ராயபுரத்தில் நான் வேலை செய்த அச்சகத்திலிருந்து இரண்டு பையன்கள் போன வாரம் என்னைப் பார்க்க வந்தார்கள். முதுகு வலியால் நான் வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. கிண்டியில் இனிமேல் குதிரைப் பந்தயத்தை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை படம் பிடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு இருக்கிறதாம். அதைச் சொல்லிவிட்டு ஒருவன் கேட்டான்.

"இனிமே எந்த ஜாக்கி குதிரையைப் புட்சி வச்சான், எவன் ஒழுங்கா ஓட்டினான்னு படத்தைப் பார்த்தா தெரிஞ்சிடும். உங்க காலத்துல வெறும் கண்ணால பார்த்து எழுதினதை ஜனங்க எப்டி சார் நம்பினாங்க?"

நான் சிரித்துவிட்டுக் காபி கொடுத்து அனுப்பினேன். பதில் அவர்கள் போன பிறகுதான் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

எங்கள் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகையும் துறைமுகக் கம்பெனிகளின் ரசீதுப் புத்தகமும் அடித்து வந்தோம். பந்தய சீசனில் மட்டும் வாரத்துக்கு இரண்டு முறை ஒரு தாள் போடுவோம். மலிவான மஞ்சள் காகிதத்தில் அடித்ததால் அதற்கு மஞ்சத் தாளு என்றே பெயர். வெள்ளிக்கிழமைத் தாளில் மறுநாள் ஓடப்போகும் குதிரைகளின் விவரம் இருக்கும். செவ்வாய்க்கிழமைத் தாளில் போன சனிக்கிழமை ஓடியதைப் பற்றி எழுதுவோம். எந்தக் குதிரை எந்த பர்லாங் கம்பத்தருகே எத்தனையாவதாக வந்தது, அதன் மேல் இருந்த ஜாக்கி எப்படி ஓட்டினார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. துறைமுக வாசலிலும், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டிலும், திருவொற்றியூர் கம்பெனி வாசல்களிலும் அது விற்கும். மூட்டை தூக்குகிறவர்கள் சேர்ந்து ஒரு தாள் வாங்கி, படிக்கத் தெரிந்தவரை நடுவில் உட்கார வைத்துக் கேட்பார்கள். ஒன்றிரண்டு குதிரை வைத்திருக்கும் சிறிய முதலாளிகளும் வாங்குவார்கள். அதனால் ஒரு ஜாக்கிக்கு அடுத்த வாரம் சவாரி கிடைப்பதும் கிடைக்காததும் எங்கள் ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பார்ப்பது காதர் பாய். எழுதுவது நான்.

பாய் அதற்கு முன் துறைமுகத்தில் கொடி மேடையில் இருந்தவர். வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள் ஏற்றும் கொடிகளைத் தூரக் கண்ணாடியில் பார்த்து, அது என்ன கேட்கிறது என்று கீழே சொல்லுவது அவர் வேலை. கடலில் ஆடும் கொடியைப் படிக்கிறவருக்குக் குதிரை மேல் ஓடும் சட்டையைப் படிப்பது பெரிதா என்று எங்கள் அச்சக முதலாளி அவரை அழைத்துக்கொண்டார். நான் யுத்தம் முடிந்த பிறகு வந்தவன். வேகமாக எழுத, மழையில் எழுத, பக்கத்தில் நிற்கிறவன் தோளில் இடித்தாலும் எழுதக் கற்றுக்கொண்டேன். என் பயிற்சி என்று சொன்னால் அவ்வளவுதான்.

பாய் வேலை செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். பந்தயத்துக்கு முன் குதிரைகளைச் சுற்றி நடத்துவார்கள். அங்கே வேலியோரம் போய் நின்று, ஒவ்வொரு ஜாக்கியின் சட்டை நிறத்தையும் குல்லா நிறத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார். பிறகு ஸ்டாண்டில் எங்கள் இடத்துக்கு வந்து, கழுத்தில் தொங்கும் பைனாகுலரைச் சட்டை நுனியால் துடைப்பார். அதைத் துர்பீன் என்பார். "ஏகா, ரெடியா?" என்பார். என் பெயர் ஏகாம்பரம். "ரெடி பாய்" என்பேன். பந்தயம் தொடங்கும் கொடி விழுந்ததும் ஆரம்பிப்பார்.

"மஞ்ச கறுப்பு ஒண்ணு. பச்ச வெள்ள ரெண்டு. எழுதிக்கோ. நீலம் சிவப்பு மூணு. எழுதிக்கோ."

முதலில் சட்டை, அடுத்தது குல்லா, பிறகு எத்தனையாவது இடம். குதிரையின் பெயரை ஓட்டம் முடியும் வரை சொல்லவே மாட்டார். பெயர் தெரிந்தால் அதன் பழைய கீர்த்தி கண்ணை இழுக்கும் என்பது அவர் கட்சி. சுற்றிலும் ஜனங்கள் கத்துவார்கள், குதிப்பார்கள். அவர் குரல் மட்டும் ரயில் வருகையைச் சொல்லுகிறவர் குரல் மாதிரி ஒரே சீராக இருக்கும். நான் குனிந்த தலை நிமிராமல் எழுதுவேன். இதனால் ஒரு வேடிக்கை. அத்தனை வருடம் கிண்டிக்குப் போயும் நான் ஒரு பந்தயத்தைக்கூடப் பார்த்ததில்லை. குளம்புச் சத்தம் எனக்குத் தெரியும். ஓடுகிற குதிரையை அப்போது தெரியாது.

ஜாக்கியை எடைபோட அவரிடம் மூன்று சொற்கள் இருந்தன. கேட்டான். கேட்கவில்லை. கேட்டும் வரவில்லை. குதிரையிடம் ஓட்டத்தைக் கேட்பதுதான் ஜாக்கியின் வேலை. கொடுப்பதும் மறுப்பதும் குதிரையின் சமாசாரம் என்பார். "செயிச்சவனைப் பார்க்க ஊரே கீது. நாம தோத்தவன் முழங்கையைப் பார்க்கணும்" என்பார். நாலாவதாக ஒரு சொல்லும் உண்டு. பிடித்தான். அதாவது வேண்டுமென்றே குதிரையை ஓடவிடாமல் வைத்தான் என்று அர்த்தம். அதை அவர் பயன்படுத்தி நான் அதிகம் எழுதியதில்லை. எழுதினால் அந்த ஜாக்கியின் பிழைப்பு போனது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கூட்டமாக வரும்போது ஒரு சட்டை இன்னொன்றை மறைத்துவிட்டால், "கோடு போடு" என்பார். நான் அந்த இடத்தில் எண்ணுக்குப் பதில் சின்னக் கோடு போடுவேன். தாளிலும் அப்படியே வரும். முதலாளிக்கு இது பிடிக்காது.

"இன்னா பாய், தாள் பூரா கோடா கீது. ஏதோ ஒரு நம்பர் போட்டா எவன் வந்து கேட்கப் போறான்?"

"ஒருத்தனும் கேட்கமாட்டான். அதனாலதான் போடக்கூடாது" என்பார் பாய்.

எனக்குத் தெரிந்து மஞ்சத் தாளை ஜனங்கள் நம்பியது அந்தக் கோடுகளுக்காகத்தான்.

நான் சொல்ல வந்தது ஒரு மழைக்காலத்துச் சனிக்கிழமையைப் பற்றி. அன்று காலையிலிருந்தே தூறல். ராயபுரத்தில் மரவாடி என்னும் மரக்கடை வைத்திருந்த ஒரு முதலாளியின் இரண்டு குதிரைகள் ஒரே பந்தயத்தில் ஓடின. ஒரே முதலாளி என்றால் இரண்டு ஜாக்கிக்கும் ஒரே சட்டை. அடையாளம் தெரிய குல்லா மட்டும் வேறு. சட்டை இரண்டும் நீலம். கோல்டன் லீஃப் என்ற குதிரையில் பம்பாயிலிருந்து வந்த ஜாக்கி, அவருக்குச் சிவப்புக் குல்லா. சீ பிரீஸ் என்ற குதிரையில் எங்கள் பக்கத்துப் பையன் முனுசாமி, அவருக்கு வெள்ளைக் குல்லா.

முனுசாமி திருவொற்றியூர்க்காரர். அப்பா நாகப்பன் அங்கே ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டினார். அந்த ஜட்காக் குதிரையின் முதுகில் வளர்ந்த பையன் கிண்டியில் சட்டை போட்டு ஏறியதில் வடக்கே இருந்த எங்கள் எல்லோருக்குமே ஒரு பெருமை. துறைமுகத்து ஆட்கள் குதிரை எது என்று பார்க்காமல், முனுசாமி ஏறுகிறாரா என்று பார்த்துக் காசு கட்டுவார்கள்.

அன்று மழையால் நாங்கள் வேலியோரம் போகவில்லை. நேரே ஸ்டாண்டுக்குப் போய்விட்டோம். கடைசி வளைவில் பாய் சொன்னது இது: "நீலம் சிவப்பு மூணு. நீலம் வெள்ள எட்டு. எழுதிக்கோ." எழுதிக்கொண்டேன். முடிவில் பந்தய நடுவர் அறிவித்த வரிசையில் முனுசாமியின் சீ பிரீஸ் நாலாவது. பம்பாய்க்காரரின் கோல்டன் லீஃப் ஒன்பதாவது.

ஞாயிற்றுக்கிழமை அச்சகத்தில் உட்கார்ந்து நான் எழுதியதைப் படித்தேன். பாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வெள்ளைக் குல்லா எட்டிலிருந்து நாலு என்று வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"மூணுலேர்ந்து ஒம்பதுக்குப் போனவன் குதிரை சோர்ந்துட்சி. சரி. எட்டுலேர்ந்து நாலுக்கு வந்தவன்? குதிரைகிட்ட ஓட்டம் இருந்திருக்கு. வளைவு வரைக்கும் பூட்டி வச்சிட்டு, செயிக்க முடியாதுன்னு ஆனதும் தொறந்து விட்டிருக்கான்."

"முனுசாமியா பாய்?"

"எனக்கும் கஷ்டமாத்தான் கீது ஏகா. ஆனா பார்த்தேனே."

'சீ பிரீஸ்: வளைவு வரை பிடித்து வைக்கப்பட்டது' என்று எழுதினோம். செவ்வாய்க்கிழமை வெளிவந்தது.

புதன்கிழமை முனுசாமி அச்சகத்துக்கு வந்தார். ஜாக்கிகள் எல்லோரையும் போல ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் அளவுதான் இருப்பார். வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு வந்து நின்றார். சண்டைக்கு வருவார் என்று முதலாளி கல்லாவை விட்டு எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். முனுசாமி குரல் எழுப்பவே இல்லை.

"பாய், நான் புடிக்கல."

"உக்காரு தம்பி."

"நிக்கிறேன். வளைவுல நான் மூணாவது பாய். அங்கேயே கேட்டேன், அது குடுக்கல. இருந்ததை வச்சி நாலாவதா கொண்டாந்தேன். நீங்க எட்டாவதுன்னு போட்டுட்டீங்க."

முனுசாமி தரையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

"மரவாடி மொதலாளி லாயத்துப் பக்கமே வராதேன்னுட்டாரு. அது போவட்டும். நேத்துலேர்ந்து எங்க நைனா வண்டியில ஒருத்தரும் ஏறல. ரயில்ல இருந்து இறங்குறவன்லாம், 'இன்னா நாகப்பா, உன் குதிரையும் வளைவு வரைக்கும் பூட்டித்தான் வருமா?'ன்னு கேட்டுட்டு நடந்து போறான். நைனா வண்டியை அவிழ்த்துட்டு வூட்டுக்கு வந்து சோறு துன்னாம படுத்துட்டாரு."

"நீ மூணாவதுன்னா எட்டாவது வந்தது யாரு? நீலச் சட்டை ரெண்டுதான். ரெண்டும் என் கண்ணுல பட்டுது."

"சட்டை சரி பாய். குல்லா?"

"ஒண்ணு சிவப்பு. ஒண்ணு வெள்ள."

"எங்க பாய் வெள்ள? எனக்குக் குடுத்தது பஞ்சு மிட்டாய் கலர்ல இருந்துச்சு. மத்த ஜாக்கிங்கல்லாம், கல்யாணத்துக்குப் போறியா மாப்ளேன்னு சிரிச்சானுங்க."

பாய் என்னைப் பார்த்தார். நான் என் கையைப் பார்த்தேன்.

அந்தச் சட்டைகளும் குல்லாக்களும் பழைய வண்ணாரப்பேட்டையில் மங்கம்மா என்ற அம்மாள் வீட்டில் வெளுக்கப்பட்டன. மறுநாள் காலை முனுசாமியும் நானும் போனோம். சனிக்கிழமை நனைந்த துணிகள் மறுபடி அங்கேதான் வந்திருந்தன. குல்லாக்கள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்று வெளிறிய சிவப்பு. இன்னொன்று முனுசாமி சொன்ன பஞ்சு மிட்டாய் நிறம்.

"ரெண்டும் ஒரே மொதலாளிது தானே, ஒண்ணா ஊறட்டுமேன்னு ஒரே தொட்டியில போட்டேன்" என்றார் மங்கம்மா. "போன மாசமே சாயம் எறங்கிட்சி. மொதலாளியே பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல. தலைக்குத் தலை பேதம் பார்ப்பாங்கன்னு எனக்கு இன்னா நைனா தெரியும்?"

விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. முனுசாமிதான் சமாதானம் சொன்னார். "உன் மேல ஒண்ணும் இல்ல ஆயா. எனக்கு அந்தக் கலர் நல்லாத்தான் இருந்துச்சு."

"நாளைக்குக் கொண்டாந்து குடுத்துடு கண்ணு. இல்லேன்னா அந்த ஆளு என் தலையைத் துவைச்சிடுவாரு" என்று இரண்டு குல்லாவையும் கொடுத்தார்.

அச்சகத்தில் முதலாளிக்கு அதைப் பார்த்ததும் உயிர் வந்தது. "அப்படிச் சொல்லு. சாயம் போன குல்லாவால வந்த வினை. நம்ம மேல ஒரு தப்பும் இல்ல. அதையே நாளைக்குத் தாள்ல போட்டுடலாம். முனுசாமி பேரும் சுத்தம், நம்ம பேரும் சுத்தம். இன்னா பாய்?"

பாய் குல்லாக்களை வாங்கி, இரண்டையும் மூக்கருகே வைத்துப் பார்த்தார். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு பைனாகுலரை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "கடற்கரைக்குப் போய் வரலாம் வாங்க" என்றார்.

ராயபுரம் கடற்கரை எங்கள் அச்சகத்துக்கு அடுத்த தெருவைத் தாண்டினால் வந்துவிடும். மழை விட்டு வெயில் அடித்தது. மணலில் வலை காய்ந்தது. வெளியே இரண்டு கப்பல்கள் நின்றன. பாய் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முனுசாமியிடம் இரண்டு குல்லாவையும் கொடுத்து, வடக்கே கட்டுமரங்கள் கிடக்கிற இடம் வரை போகச் சொன்னார். கிண்டியில் ஸ்டாண்டிலிருந்து வளைவு வரை இருக்கும் தூரம் அது.

"நான் கையைத் தூக்கும்போதெல்லாம் ஏதாவது ஒண்ணை மாட்டிக்கோ. உன் இஷ்டம்."

முனுசாமி போய் நின்றார். பாய் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். நான் பக்கத்தில் வெறுங்கண்ணோடு நின்றேன். பாய் கையைத் தூக்கினார்.

"சிவப்பு."

"சரி பாய்" என்றேன்.

மறுபடி தூக்கினார். அங்கே வெளிர் நிறக் குல்லா வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

"சிவப்பு" என்றார் பாய்.

நான் பேசவில்லை. அலை வந்து போனது. என்ன சொல்வது என்று யோசித்தேனா, சொல்ல வேண்டாம் என்று நின்றேனா, எனக்கே தெரியவில்லை. பாய் பைனாகுலரை இறக்காமலே சொன்னார்.

"சரின்னா நீ உடனே சொல்லிடுவே ஏகா. இத்தனை வருசத்துல உன் பழக்கம் எனக்குத் தெரியாதா?"

"இல்ல பாய். அது சாயம் ஏறின வெள்ள."

"உனக்கு வெறுங்கண்ணுல தெரியுதா?"

"தெரியுது பாய்."

அதற்குப் பிறகும் கையைத் தூக்கினார். ஒருமுறை சரியாகச் சொன்னார். அடுத்து இரண்டு முறை தவறு. கடைசியில் கையைத் தூக்கியபோது முனுசாமி இரண்டு குல்லாவையும் இடுப்பில் செருகிக்கொண்டு வெறுந்தலையோடு எங்களை நோக்கி நடந்து வர ஆரம்பித்தார். பாய்க்கு அதுவும் சற்று நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

பக்கத்தில் வந்ததும் முனுசாமி அவர் முகத்தைப் பார்த்தார். பார்த்தவர் உடனே, "வெயில் கண்ணைக் கூசுது பாய். இந்தப் பேஜாரு வெளிச்சத்துல எனக்கே ரெண்டும் ஒண்ணாத்தான் கீது" என்றார். தன் பிழைப்பைக் கெடுத்தவருக்காக அவர் அதைச் சொன்னார். நான் அதை மறக்கவில்லை.

பாய் மணலில் உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம்.

"ரெண்டு சீசனா தாள்ல கோடு கம்மி. கவனிச்சியா ஏகா?"

"மொதலாளிகூட சந்தோஷப்பட்டாரு பாய்."

"நானும் சந்தோஷப்பட்டேன். வேலை நல்லா ஓடுதுன்னு. பார்க்கலைன்னு தெரிஞ்சாத்தான் கோடு போட முடியும். தெரியாமப் போயிட்சி." பைனாகுலரின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார். பழக்கம்தான். "குல்லா சாயம் போனது நெசம். ஆனா அது பாதி. மொதலாளி சொல்ற மாதிரி போட்டா மீதிப் பாதி மறைஞ்சிடும். அடுத்த வாரம் வேற ஒரு பையன் மாட்டுவான்."

"நான் மூணாவதுன்னு போட்டுடுங்க பாய். அது போதும்" என்றார் முனுசாமி.

பாய் அவரைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "அதை எப்டிப் போடுவேன் தம்பி? அதையும் நான் பார்க்கலியே."

எனக்கு அந்த நிமிடம் பாய் மேல் கோபம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு எண். அதைப் போட்டால் ஒரு குடும்பம் தலைநிமிரும். ஆனால் பாய் எழுந்து மணலைத் தட்டிவிட்டு, "எழுதிக்கோ" என்றார். நான் பையிலிருந்த காகிதத்தை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டேன். கிண்டியில் சொல்லுகிற அதே குரலில் சொன்னார். அது வெள்ளிக்கிழமைத் தாளின் முதல் பக்கத்தில் இப்படி வந்தது:

'போன சனிக்கிழமைப் பந்தயத்தில் வளைவருகே நீலச் சட்டைகளில் ஒன்று மூன்றாவது, மற்றது எட்டாவது. எது எவர் என்பது நம் பார்வையாளருக்குத் தெரியவில்லை. குல்லாக்கள் சாயம் கலந்திருந்தன. ஆனால் நல்ல பார்வை உள்ளவருக்கு வித்தியாசம் தெரியும். நம் பார்வையாளரின் கண்பார்வை குறைந்திருக்கிறது. ஆகவே சீ பிரீஸ் ஜாக்கி முனுசாமி குதிரையைப் பிடித்து வைத்ததாக எழுதியதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. தான் மூன்றாவதாக வந்ததாக முனுசாமி சொல்கிறார். அவர் சொல்வதை மறுக்க நம்மிடம் ஒன்றும் இல்லை.'

கடைசி இரண்டு வாக்கியத்தை அவர் சொன்னபோது முனுசாமி எழுந்து கடல் பக்கம் கொஞ்ச தூரம் நடந்து போய்விட்டுத் திரும்பி வந்தார்.

முதலாளி ஒப்புக்கொள்ள இரவாயிற்று. "நம்ம கண்ணு அவிஞ்சிடுச்சுன்னு நாமளே அச்சடிச்சு விக்கிறதா? எவன் வாங்குவான்?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பாய் வாதம் செய்யவில்லை. "போடலேன்னா நான் நாளைக்குத் துறைமுக வாசல்ல நின்னு வாயால சொல்லுவேன் மொதலாளி" என்றார். அவர் சொன்னால் செய்வார் என்று எல்லோருக்கும் தெரியும். அச்சுக் கோர்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் தொழுகை முடிந்து வந்த பாய் என்னையும் கூட்டிக்கொண்டு திருவொற்றியூருக்கு ரயிலேறினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஸ்டேஷன் வாசலில் ஜட்காக்கள் வரிசையாக நின்றன. கம்பெனி விடுகிற நேரம், நல்ல கூட்டம். சிலர் கையில் மஞ்சள் தாள் இருந்தது. கடைசி வண்டிக்காரர் குதிரைக்குப் புல் காட்டிக்கொண்டு யாரையும் பார்க்காமல் நின்றார். பாய் கூட்டத்தின் நடுவாக நேரே அவரிடம் போனார்.

"நாகப்பன் தானே? வண்டி வருமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "யாரு?"

"மஞ்சத் தாளு காதரு."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாகப்பன் பாயைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். பிறகு புல்லைக் கீழே போட்டார்.

"படி எங்க கீதுன்னு தெரியுதா? இல்ல அதையும் நான்தான் சொல்லணுமா?"

"நீயே சொல்லிடு. என் கண்ணை நம்பி நான் ஏறுறதா இல்ல."

யாரோ சிரித்தார்கள். நாகப்பன் சிரிக்கவில்லை. ஆனால் தோளில் இருந்த துண்டை எடுத்து உட்காரும் இடத்தைத் தட்டினார். பாயின் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். நானும் ஏறினேன்.

"எங்க போவணும்?"

"உன் இஷ்டம். கடைத் தெருவு வழியா போ. மெதுவா போ."

கடைத் தெரு, கோயில் தேரடி, குளத்தங்கரை என்று அந்த வண்டி போனது. கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மஞ்சத் தாளு பாய் நாகப்பன் வண்டியில் வருகிறார் என்று எங்களுக்கு முன்னால் செய்தி ஓடியது. பாய் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் நாகப்பன் குதிரையிடம் பேசுகிற மாதிரி எங்களைத் திட்டிக்கொண்டே வந்தார்.

"கண்ணு தெரியலைன்னா வூட்ல இருக்கணும். வூட்ல இருந்தா சோறு போடாமலா இருப்பாங்க. ஊரான் புள்ளையை எழுதிகினு... தோ தோ, பார்த்துப் போ ராஜா... எழுதினதும் எழுதினான், அப்பறம் இல்லைன்னும் எழுதுறான். இந்த மாதிரி ஆளை நான் பார்த்ததே இல்ல."

"நானும்தான்" என்றார் பாய்.

ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்தபோது, ஒரு அம்மாளும் இரண்டு குழந்தைகளும் மூட்டையோடு நாகப்பன் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். நாங்கள் இறங்கியதும் ஏறிக்கொண்டார்கள். நாகப்பன் வண்டியைக் கிளப்பினார். கொஞ்சம் போனதும் திரும்பி, "பார்த்துப் போ பாய். பிளாட்பாரம் மேடா கீது" என்று கத்தினார்.

திரும்பும் ரயிலில் பாய் கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றி என் மடியில் வைத்தார். பாரமாக இருக்கிறது போலும் என்று நான் வைத்துக்கொண்டேன். ராயபுரத்தில் இறங்கி, அவர் வீட்டுச் சந்து முனையில் பிரியும்போது அதை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "காலையில வேலியோரம் போய் நிறங்களைச் சொல்லிப் பாரு. வாய்விட்டுச் சொல்லணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சந்துக்குள் போனார்.

மறுநாள் சனிக்கிழமை. மழை இல்லை. மரவாடி முதலாளி முனுசாமியைக் கூப்பிடவில்லை. வேறொரு சிறிய முதலாளியின் ஜாக்கிக்கு எடை கூடிவிட்டதால் அந்த சவாரி அவருக்குக் கிடைத்தது. நான் பைனாகுலரில் பார்த்துச் சொன்னேன். பாய் காகிதத்தை முகத்தருகே வைத்துக்கொண்டு பெரிய எழுத்தில் எழுதினார். கோடு நிறைய விழுந்தது. முனுசாமி ஐந்தாவதாக வந்தார். கேட்டார், வரவில்லை என்று எழுதிக்கொண்டோம்.